கடற்கரை வாலிபால் பயிற்சிக்குக் கட்டணம் ஏன்?

(நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





போன மாத இதழின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி அறிவிப்பு ஒன்று வெளியிட்டிருந்தோம். கடற்கரை வாலிபால் பயிற்சி மையம் தொடங்க நமதூர் சகோதரர் ஒருவருக்கு அறக்கட்டளை ஒன்றரை லட்சம் ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது, மாதக் கட்டணம் 500 ரூபாய் என்பதுதான் அந்தச் செய்தி. கல்வி உதவித்தொகை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோதுகூட அலுவலகத்திற்கு இத்தனை பேர் வந்ததில்லை. இந்த நான்கு வரிக்கு வந்தார்கள். "பந்து அடிக்கிறதுக்கு பைத்துல்மால் பணமா?" என்றார் ஒரு ஹாஜியார். "கடற்கரை அல்லாஹ் கொடுத்தது, அதுல விளையாட எதுக்குக் காசு?" என்றார் இன்னொருவர். தாய்மார்களிடமிருந்து வந்த கேள்வி வேறு: "பொம்பளப் புள்ளைங்களுக்கும் உண்டா?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. ஜகாத் நிதியிலிருந்து இதற்கு ஒரு பைசாகூடத் தொடவில்லை. ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கும் தனி, வங்கிப் புத்தகமும் தனி. கடைக்கும், தையல் இயந்திரத்திற்கும், ஆட்டோவுக்கும் எந்தக் கடன் நிதியிலிருந்து கொடுக்கிறோமோ, அதே சுழல் நிதியிலிருந்துதான் இதுவும். திரும்பி வந்தாக வேண்டிய பணம். ஜாமீன் இரண்டு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பார்க்க விரும்புபவர்கள் லுஹருக்குப் பின் அலுவலகத்திற்கு வரலாம்.

இனி, அந்த விளையாட்டு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் 'வாலிபால்தானே, அதுதான் மைதானத்தில் ஆடுகிறார்களே' என்று நினைக்கிறோம். கடன் விண்ணப்பம் வந்த அன்று நிர்வாகக் குழுவிலும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். நமக்குத் தெரிந்த வாலிபாலில் அணிக்கு ஆறு பேர். கடற்கரை வாலிபாலில் அணிக்கு இரண்டே பேர். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஆடுகளம் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். மைதானத்துக் களத்தைவிடச் சிறியதுதான். ஆனால் ஆறு பேர் பங்கிட்டுக்கொள்ளும் வேலையை மணலில் இரண்டு பேர் ஓடி ஓடிச் செய்ய வேண்டும். பந்தும் கொஞ்சம் பெரியது, காற்றழுத்தம் குறைவு. விரல் நுனியால் மெல்லத் தட்டிப் போடுவது அங்கே தவறு. வலைமேல் கை உயர்த்தித் தடுப்பதும் மூன்று தொடுதலில் ஒன்றாகக் கணக்காகும். ஏழு புள்ளிக்கு ஒருமுறை இரு அணிகளும் பக்கம் மாறிக்கொள்ளும். ஏனென்றால் காற்றும் வெயிலும் ஒரே அணிக்குச் சாதகமாக இருந்துவிடக் கூடாது. நமதூர்க் கடற்கரையில் அசர் நேரத்துக் காற்றை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தார் நாட்டுக்காக ஆடிய செரிஃப் யூனுஸ், அஹ்மத் திஜான் என்ற இரு சகோதரர்கள் வெண்கலப் பதக்கம் வாங்கினார்கள். ஒருவர் செனகலில் பிறந்தவர், மற்றவர் காம்பியாவில் பிறந்தவர். தோஹாவில் வேலை பார்க்கும் நமதூர்ப் பிள்ளைகள் அன்று போன் போட்டுச் சொன்னது நினைவிருக்கலாம். நம் நாட்டிலும் 2025 மே மாதம் டையூவில் கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது இதுவும் அதில் ஒன்று. தமிழ்நாட்டில் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளிலும் இது உண்டு. இருந்தும், கடலை வாசலில் வைத்திருக்கும் நமதூரில் இதை முறையாக ஆடத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கால்பந்துக்கு இங்கே தாத்தா காலத்திலிருந்து ஆள் உண்டு. கிரிக்கெட்டுக்குச் சொல்லவே வேண்டாம். இது அப்படி இல்லை. பார்த்துப் பழக அண்ணன்மார் இல்லாத விளையாட்டு. அதனால் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும், அவர் நிலையாக இருக்கவும் வேண்டும்.

இங்கேதான் நாங்கள் செய்த தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் கோடை விடுமுறையில் நாங்களே ஓர் இலவச முகாம் நடத்தினோம். பேனர் கட்டினோம், தொப்பி கொடுத்தோம், சுண்டலும் சர்பத்தும் கொடுத்தோம். முதல் நாள் 64 பிள்ளைகள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்திருந்தோம். நல்ல மனிதர். சேவை மனப்பான்மையோடு வருகிறார் என்று சொல்லிச் சொல்லியே அவருக்குப் பேருந்துச் செலவு மட்டும் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் அவருக்குச் சம்பளத்தோடு ஒரு வேலை வந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். போகாதீர்கள் என்று கேட்க எங்களிடம் என்ன இருந்தது? பதினைந்தாம் நாள் 11 பிள்ளைகள். பதினேழாம் நாள் முகாமை மூடினோம். வாங்கிய பத்துப் பந்துகளில் நான்குதான் அலுவலகத்திற்குத் திரும்பின. பிள்ளைகள் வராததைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டோம். "இலவசம்தானே, நாளைக்குப் போகட்டும்னு விட்டுட்டோம்" என்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. விலை இல்லாததற்கு நேரம் ஒதுக்க நம்மால் முடிவதில்லை. கொடுப்பவரையும் கேள்வி கேட்க முடிவதில்லை.

அந்த முகாமை விடுமுறையில் வந்திருந்த ஒரு தம்பி தினமும் ஓரமாக நின்று பார்த்தார். கல்லூரி நாட்களில் பல்கலைக்கழக அணிக்கு வாலிபால் ஆடியவர், பிறகு ஆறு வருடம் வளைகுடாவில் கிடங்கு வேலை. வேலை முடிந்த பின் அங்குள்ள கடற்கரையில் பல நாட்டுக்காரர்களோடு ஆடிப் பழகியிருக்கிறார். ஊர் திரும்பி, விளையாட்டுப் பயிற்சிக்கான ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் முடித்தார். போன ஷஅபானில் அலுவலகத்திற்கு வந்து கடன் கேட்டவர் அவர்தான். நாங்கள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இத இலவசமா செஞ்சா அறக்கட்டளை பேர்ல நடத்தலாமே?" என்பதுதான். அவர் சிரித்தார். "காக்கா, அன்னைக்கு அந்த கோச்சுக்கு நீங்க சம்பளம் குடுத்திருந்தா இன்னைக்கு நான் கடன் கேட்டு வந்திருக்க மாட்டேன். அவரே நடத்திட்டு இருப்பாரு" என்றார். குழுவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கணக்கு டியூஷனுக்கு மாதம் ஆயிரம், இரண்டாயிரம் கொடுக்கிறோம். ஒன்றாம் தேதி தவறினால் நமக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுக்கும், உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவருக்கும் வயிறு இல்லை என்பதுபோல நடந்துகொள்கிறோம். உஸ்தாது விஷயத்தை வேறொரு கூட்டத்தில் பேசுவோம். அதற்கும் நாள் வரும்.

500 ரூபாயின் கணக்கைக் கேளுங்கள். தம்பி போட்டுத் தந்த கணக்கு இது, குழுவில் மூன்று வாரம் அலசினோம். இரண்டு வலைகள். ஒரு வகுப்புக்கு 12 பிள்ளைகள், வலைக்கு ஆறு பேர். அதற்கு மேல் சேர்த்தால் பாதிப் பேர் கை கட்டி நின்று வேடிக்கைதான் பார்ப்பார்கள். சனி, திங்கள், புதனில் காலை ஒரு வகுப்பு, மாலை ஒரு வகுப்பு. ஞாயிறு, செவ்வாய், வியாழனில் இன்னும் இரண்டு. வெள்ளி விடுமுறை. ஆக நான்கு வகுப்பு, 48 பிள்ளைகள். எல்லா இடமும் நிரம்பினால் மாதம் 24,000 ரூபாய். உதவியாளருக்கு 6,000, பந்து, கயிறு, மருந்துப் பெட்டி என்று 2,000, நம் கடன் தவணை 7,500. கையில் நிற்பது 8,500. இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நடத்த முடியுமா? முடியாது. அதுவும் 48 இடமும் முதல் மாதமே நிரம்பப் போவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கினால் கடற்கரையில் வகுப்பே இல்லை. ஒன்பது மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டிய தொழில் இது.

அதனால் கடனில் இரண்டு விஷயம் சேர்த்தோம். ஒன்றரை லட்சத்தில் கம்பம், வலை, பந்து, எல்லைக் கயிறு எல்லாம் பாதிக்கும் குறைவுதான். மீதி, முதல் ஐந்து மாதம் அவர் வீட்டுச் செலவுக்கு. இதை வெளிப்படையாகவே சொல்கிறோம். பெயர் தெரியாத ஒரு விளையாட்டுக்குக் கடை திறப்பவர் முதல் நாளே கல்லாவை நம்ப முடியாது. சாமான் வாங்கக் கடன் கொடுத்து, சாப்பாட்டுக்குக் கொடுக்காமல் விட்ட பலரை நாங்கள் பார்த்திருக்கிறோம். மூன்றாம் மாதம் அந்தச் சாமானையே விற்றுச் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டாவது, மழை மாதங்களில் தவணை இல்லை. இருபது தவணை முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகலாம், ஆகட்டும்.

மீதி வருமானம் பள்ளிகளிலிருந்து வர வேண்டும். தம்பியின் திட்டத்தில் எங்களுக்குப் பிடித்த பகுதி இதுதான். கடற்கரையில் வலை கட்டிவிட்டு யாராவது வருவார்களா என்று அவர் காத்திருக்கப் போவதில்லை. நமதூர்ப் பள்ளிகள் இரண்டில் வாரம் இரண்டு நாள் விளையாட்டு வகுப்பை அவரே எடுப்பார். பள்ளிக்கு மாதம் 6,000 என்று பேசியிருக்கிறார். அங்கே ஐம்பது பிள்ளைகள் தொட்டுப் பார்த்தால் ஐந்து பேர் கடற்கரைக்கு வருவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வலையைத் தாழ்த்திக் கட்ட விதியே இடம் தருகிறது. பெரிய ஆண்களுக்கு 2.43 மீட்டர் என்றால் 12 வயது வரை 2 மீட்டர்தான். முதல் நாளே பந்து வலையைத் தாண்டிவிட்டால் பிள்ளை மறுநாளும் வரும்.

அவர் சொன்ன இன்னொன்று எங்களை யோசிக்க வைத்தது. பக்கத்து ஊரில் யாராவது இதேபோல மையம் தொடங்கினால் போட்டி வந்துவிடுமே என்று கேட்டோம். மளிகைக்கடை வைப்பவரிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. "அப்படி யாராவது ஆரம்பிச்சா நானே போய் வலை கட்டிக் குடுப்பேன். ஆடறதுக்கு எதிரணி வேணாமா? ஒரே ஊர்ப் புள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் எத்தனை நாள் ஆடும்?" என்றார். உண்மைதான். கால்பந்துக்கு எதிரணி தேடி அலைய வேண்டியதில்லை. இதற்கு எதிரணியையும் நாம்தான் வளர்க்க வேண்டும். இரண்டாம் வருடத்தில் கடற்கரையோர ஊர்கள் நான்கைந்துக்குச் சென்று மாதிரி வகுப்பு நடத்துவதாகக் கடன் விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறார்.

போட்டி நடத்துவதில் ஒரு நிபந்தனை மட்டும் நாங்கள் போட்டோம். அணிகளிடம் நுழைவுக் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தையே ஜெயித்தவருக்குப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் பல ஊர்ப் போட்டிகளில் இருக்கிறது. இது சூதில் போய்ச் சேரும் என்று நம் ஆலிம்கள் எச்சரித்திருக்கிறார்கள். பரிசு வெளியிலிருந்து அன்பளிப்பாக வரட்டும். கட்டணம் பந்துக்கும் தண்ணீருக்கும் போகட்டும். தம்பி உடனே ஒப்புக்கொண்டார்.

கட்டணம் கட்ட முடியாத வீடுகளை மறக்கவில்லை. 48 இடங்களில் எட்டு இடங்களை அறக்கட்டளை ஸதகா நிதியிலிருந்து ஏற்கிறது. ஆனால் பயிற்சியாளர் இலவசமாகச் சொல்லிக் கொடுக்க மாட்டார். அந்த எட்டுப் பேருக்கும் அதே 500 ரூபாயை நாங்கள் அவருக்குக் கட்டுவோம். எந்த எட்டுப் பிள்ளை என்பது அவருக்குத் தெரியாது, மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியாது. எல்லோர் கையிலும் ஒரே ரசீது. பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் அலுவலகத்தில் பெண் ஊழியரிடம் சொன்னால் போதும்.

இனி தாய்மார்களின் கேள்வி. கேள்வியை எழுப்பியவர்களே பதிலின் பாதியையும் சொல்லிவிட்டார்கள்: ஆடை என்ன, இடம் என்ன, சொல்லிக் கொடுப்பது யார். டிவியில் இந்த விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு ஆடையைப் பற்றி அச்சம் வருவது இயல்பு. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்பே சர்வதேச வாலிபால் சம்மேளனம் விதியைத் தளர்த்தி, கை வைத்த மேலாடைக்கும் நீளமான கீழாடைக்கும் வழி விட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்துப் பெண்கள் தோஆ அல்கோபாஷியும் நதா மெஆவதும் கை கால் முழுக்க மறைத்து ஆடினார்கள். தோஆ ஹிஜாப் அணிந்தே ஆடினார். ஆக, விளையாட்டுக்கு அரைகுறை ஆடை கட்டாயமில்லை.

இடம்தான் சிக்கல். திறந்த கடற்கரையில் ஆண்கள் நடமாட்டத்திற்கு நடுவே நம் பெண் பிள்ளைகளை ஆடவிட நீங்களும் விரும்பவில்லை, நாங்களும் விரும்பவில்லை. பெண்கள் மதரஸாவுக்குப் பின்னால் மதில் சூழ்ந்த இடம் இருக்கிறது. அதில் மணல் கொட்டலாம் என்று கணக்குப் பார்த்தோம். முழு அளவுக் களம், சுற்றிலும் மூன்று மீட்டர் இடம், போட்டிகளுக்குக் கேட்கும் 40 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 43 யூனிட்டுக்கு மேல் மணல் வேண்டும். கடற்கரையில் அள்ளி வந்து போடலாமே என்று ஒரு தம்பி சொன்னார்; அது சட்டப்படி குற்றம், நம் கரையையும் அரிக்கும். விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதனால் 12 மீட்டருக்கு 6 மீட்டரில் சிறு களம், சுற்றிலும் இரண்டு மீட்டர், ஒரு முழத்துக்கும் குறைவான ஆழம் என்று சுருக்கினோம். 17 யூனிட்டில் முடிகிறது. இதுவரை ஐந்து யூனிட்டுக்கு இரண்டு குடும்பங்கள் பொறுப்பேற்றிருக்கின்றன. பெண் பயிற்சியாளர் இன்னும் கிடைக்கவில்லை. நமதூரில் வாலிபால் ஆடிய கல்லூரி மாணவிகள் இரண்டு பேருக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, சம்பளத்தோடு அமர்த்தலாம் என்பது யோசனை. அந்தப் பயிற்சியை யார், எங்கே கொடுப்பது என்பது முடிவாகும்வரை பெண்கள் வகுப்புக்குத் தேதி சொல்ல மாட்டோம். தேதி சொல்லிவிட்டு ஏமாற்றுவது முகாமோடு போகட்டும்.

கடற்கரை நமக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கரைவலை இழுக்கும் மீனவ சகோதரர்களுக்கு அது தொழிற்கூடம். தம்பியை அழைத்துக்கொண்டு அவர்கள் ஊர்ப் பெரியவர்களைச் சந்தித்தோம். படகு ஏற்றும் இடத்துக்கும் வலை உலர்த்தும் இடத்துக்கும் தெற்கே களம் போட ஒப்புக்கொண்டார்கள். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளால் அங்கே நிரந்தரமாக எதுவும் கட்ட முடியாது. கம்பத்தை வகுப்புக்கு முன் நட்டு, முடிந்ததும் கழற்றி எடுத்து வர வேண்டும். உள்ளாட்சி அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் முதல் தவணைப் பணத்தைக் கொடுத்தோம். மீனவர் பிள்ளைகள் ஆறு பேர் முதல் பட்டியலிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மணலில் குதிப்பதைப் பார்த்தால் நம் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகப் பால் குடிக்க வேண்டும் போலிருக்கிறது.

படிப்பு கெடும் என்று சொல்பவர்களுக்கு: காலை வகுப்பு 6 மணியிலிருந்து ஏழே கால் வரை, சுபுஹ் ஜமாஅத்துக்குப் பின். மாலை வகுப்பு நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை, அசர் தொழுதுவிட்டு வரலாம், மஃரிபுக்கு முன் வீட்டில் இருக்கலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வை ஒட்டிய இரண்டு மாதம் வராமல் இருக்கலாம், கட்டணமும் இல்லை, இடமும் போகாது. வேலை கிடைக்கும், ஒலிம்பிக் போகலாம் என்று சொல்லி யாரையும் நாங்கள் அழைக்கவில்லை. மாலையில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளை மணலில் ஒரு மணி நேரம் ஓடி வியர்த்து வந்து, பசித்துச் சாப்பிட்டுத் தூங்கும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

முதல் மூன்று வகுப்பு கட்டணமின்றி வந்து பார்க்கலாம். நான்காம் வகுப்பிலிருந்து 500 ரூபாய், ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்தாம் தேதிக்குள். பயிற்சியாளர் சொல்லாமல் வகுப்பை ரத்து செய்தால் எங்களிடம் புகார் கொடுங்கள். காசு கட்டியவருக்கு அந்த உரிமை உண்டு. பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டு ஆட வேண்டும். வகுப்புக்கு முன் பெரிய பிள்ளைகள் களத்தை வாரிக்கொண்டு சுத்தம் செய்வார்கள், கண்ணாடிச் சில்லு இருக்கும். வகுப்பு நேரத்தில் எந்தப் பிள்ளையும் கடலில் இறங்கக் கூடாது. இறங்கினால் அந்த மாதம் முழுக்க வர முடியாது. இதில் சிபாரிசுக்கு யாரும் வர வேண்டாம்.

விண்ணப்பப் படிவம் வாசலில் மேசையில் இருக்கிறது. வாப்பா வெளிநாட்டில் இருந்தால் உம்மா கையெழுத்துப் போதும். தம்பியும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், கேட்க வேண்டியதை நேரிலேயே கேளுங்கள். அசர் பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.